அப்பா இப்பத்தான் படுத்தாரு

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்த தகரச் சுவர். தேயிலைத் தொழிற்சாலை என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில். மலையகத்தில் பிறந்தவர்களுக்கு அது ஸ்டோர்தான். வாசலில் இரவு முழுக்க ஒரு பெரிய பல்பு எரியும். அப்பாவுக்கு ரோலிங்கில், கொழுந்து உருட்டுகிற இடத்தில், ராத்திரி வேலை. நடுச்சாமத்தில் போனால் காலை எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். ஐந்தரைக்கு ரொட்டியும் சம்பலும், போத்தலில் சாயத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

அந்த நேரத்தில் பல்பும் அணைந்திருக்காது, வானமும் வெளுக்கத் தொடங்கியிருக்கும். சுவரில் இருபது முப்பது விட்டில்கள் இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த இலை மாதிரி ஒன்று, மரப்பட்டை மாதிரி ஒன்று, அம்மாவின் பழைய சேலைக்கரை மாதிரி ஒன்று. பெரியதன் உடம்பு என் பெருவிரல் தடிமன் இருக்கும். இறக்கையின் ஓரத்தைச் சுண்டுவிரலால் மெல்லத் தூக்கினால் தூக்கின இடத்திலேயே நிற்கும். விரலை எடுத்தால், கதவு தானாகச் சாத்துகிற மாதிரி மெதுவாகப் பழைய இடத்துக்கு வரும். பறக்காது. பயப்படாது.

"அப்பா, இது தூங்குதா, விறைச்சுப் போச்சா?" என்று ஒருநாள் கேட்டேன். எட்டு வயது இருக்கும். அப்பாவின் புருவத்தில் தேயிலைத் தூசி படிந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"எனக்கே அது தெரியலையேடா. நான் தூங்குறேனா, விறைச்சுப் போய் நிக்கிறேனான்னு."

அப்பா பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியை விஞ்ஞானிகளிலேயே பலர் நெடுங்காலம் சரியாகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பூச்சி அசையாமல் இருந்தால் அசையாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று விட்டிருந்தார்கள். தூக்கம் என்றால் மூளையின் மின்னலைகளைப் பதிந்து காட்ட வேண்டும், அதற்கு நம் போன்ற மூளை வேண்டும் என்பது எண்ணம். இப்போது பண்டாரவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் பாதி வகுப்பு "விறைச்சுப் போச்சு சேர்" என்கும், பாதி "தூங்குது சேர்" என்கும். இரண்டு பாதியும் சரி. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முதல் எங்கள் லயத்துத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒட்டு வரிசை வீடு.

விடிய நாலரைக்குச் சங்கு ஊதும். அப்பாயி காலத்தில் சங்கு இல்லை, தப்படிப்பார்களாம். பெரட்டுக்கு, அதுதான் காலை ஆள்கணக்குக்கு, ஆள் கூட்டுவதற்கு இருட்டோடு தப்புச் சத்தம் லயம் லயமாக வரும் என்று சொல்லும் கிழவி. "சாவுக்கும் அதே தப்புதான், வேலைக்கும் அதே தப்புதான்" என்று ஒரு பேச்சும் கூடவே வரும். அம்மா சங்குக்கு முன்பே எழும்பிவிடும். அடுப்பு, ரொட்டி, எங்கள் தலைவாரல் எல்லாம் முடித்து, படங்கைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு ஏழு மணிக்கு மலையில் நிற்கும். எட்டரைக்கு அப்பா வந்து படுப்பார். அம்மா இல்லாத படுக்கையில் அப்பா, அப்பா இல்லாத படுக்கையில் அம்மா. ஒரே கம்பளி.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பகலில் தூங்குவது என்றால் என்னவென்று தூங்கினவருக்குத்தான் தெரியும். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டு ரேடியோ ஆறு வீட்டுக்குப் பாடும். சனிக்கிழமைகளில் நாங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், கோலி விளையாடுவோம். பகல் சாப்பாட்டுக்கு அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்போதே வாயில் விரல் வைத்துக்கொண்டு வரும்.

"சத்தம் போடாதீங்க. அப்பா இப்பத்தான் படுத்தாரு."

அப்பா படுத்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அம்மாவின் கணக்கில் எப்போதும் அது "இப்பத்தான்".

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பழ ஈயின் தூக்கத்தைப் பற்றி எழுதின. பென்சில்வேனியாவில் ஜோன் ஹென்ட்ரிக்ஸ், அமிதா சேகல் முதலியோர். சான் டியேகோவில் போல் ஷோ, ஜூலியோ டொனோனி, கியாரா சிரெல்லி முதலியோர். பழ ஈ என்றால் கனிந்த வாழைப்பழத் தட்டில் மொய்க்குமே, அந்தக் கடுகளவு ஈ. அதை விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் போட்டு, ஒரு முனையில் சாப்பாடு வைத்து, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்றைப் பாய்ச்சுவார்கள். ஈ குறுக்கே நடந்தால் கதிர் அறுபடும். இரவில் மணிக்கணக்கில் அறுபடவில்லை. ஈ சாப்பாட்டுக்குப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே தோரணையில் இருந்தது.

அது தூக்கமா என்று எப்படிச் சொல்வது? மூளை அலையை விட்டுவிட்டு நடத்தையைப் பார்த்தார்கள். ஒன்று, அசைவின்மை, அதுவும் அதற்கென்று ஒரு தோரணையில். இரண்டு, சின்னத் தட்டலுக்கு எழும்பக்கூடாது, பெரிய தட்டலுக்கு எழும்ப வேண்டும். எழும்பாமலே கிடந்தால் அது மயக்கம், அல்லது சாவு. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது: தூங்கவிடாமல் செய்தால், பிறகு அந்தக் கடனை வசூலிக்க வேண்டும். ராத்திரி முழுக்கக் குழாயைத் தட்டித் தட்டி எழுப்பின ஈக்கள் மறுநாள் காலையில், வழக்கமாக ஓடியாடுகிற நேரத்தில், விழுந்து தூங்கின. வெறும் ஓய்வு என்றால் கடன் சேராது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்து எழுந்தவன் "நேற்று உட்கார முடியவில்லை, இன்றைக்கு ரெண்டு மடங்கு உட்காருவேன்" என்று சொல்வதில்லையே.

இந்தக் கடன் கணக்கை 1983லேயே சூரிச்சில் ஐரீன் டொப்ளர் கரப்பான் பூச்சியில் பார்த்திருந்தார். ஓய்வு நேரத்தில் வலுக்கட்டாயமாக நடக்க வைத்த கரப்பான்கள் பிறகு கூடுதலாக ஓய்ந்து கிடந்தன. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கரப்பானைத் தூங்கவிடாம செய்யறதுக்குப் படிச்சவன் வேணுமா, நம்ம காம்பராவுல ஒரு ராத்திரி விட்டாப் போதும்" என்றார்.

ஈயைத் தூங்கவிடாமல் செய்ய இப்போது மெஷின் இருக்கிறது. ஈ கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் குழாயைத் தானாக உருட்டும். ஈ நடந்தால் சும்மா இருக்கும். படத்தைக் காட்டியபோது அம்மா உடனே சொன்னது: "கங்காணி."

ஒரு நையாண்டி இதில் இருக்கிறது. அந்த 2000ஆம் ஆண்டு ஆய்வுகளில் ஈக்குக் கஃபீன் கொடுத்தார்கள். ஈ குறைவாகத் தூங்கியது. ஒவ்வாமைக்குக் குடிக்கிற மாத்திரை வகை மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள், கூடுதலாகத் தூங்கியது. தடிமனுக்குப் பிரிட்டன் மாத்திரை குடித்துவிட்டு வந்து மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலை வைக்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். அதே வகை.

கஃபீனை யார் செய்கிறார்கள்? கோப்பி, தேயிலை. ஏன் செய்கிறார்கள்? 1984இல் ஜேம்ஸ் நேதன்சன் என்பவர், இது செடிக்குப் பூச்சிமருந்தாக இருக்கலாம் என்று எழுதினார். தூள் தேயிலையையும் கோப்பிக் கொட்டையையும் புழுக்களின் தீனியில் கலந்தபோது அவை சாப்பாட்டை விட்டன, தடுமாறின, கூடின அளவில் செத்தன. ஆக, பூச்சியை விரட்டவென்று செடி தன் கொழுந்தில் சேர்த்து வைத்த விஷத்தைத்தான் நாம் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்ட காலத்திலிருந்து கிள்ளிக்கொண்டிருக்கிறோம். செடியும் அதைக் கண்ட இடத்தில் வைப்பதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருக்கும் இளங்கொழுந்தில்தான் கூடுதல், முற்றின இலையில் குறைவு. கடிபடக்கூடிய இடம் அதுதான் என்று செடிக்குத் தெரிகிறது. துரைக்கும் தெரிந்தது.

அம்மா அந்தக் கொழுந்தைப் பகலெல்லாம் கிள்ளும். அப்பா அதை ராத்திரியெல்லாம் உருட்டுவார். இரண்டு பேரும் வேலையில் கண் சொருகாமல் இருக்க அதையே சாயமாகக் குடிப்பார்கள். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே, தூசித் தேயிலையில் ஊற்றின கறுப்புத் தண்ணி. நல்ல தேயிலை எல்லாம் கப்பல் ஏறிவிடும். ஈயின் உடம்பில் கஃபீன் வேலை செய்யும் வழி நம் உடம்பில் செய்கிற வழியே அல்ல என்பது பின்னாளில் வந்த ஆய்வு. நம்மிடம் அடினோசின் என்ற களைப்புச் சைகையை அது மறைக்கிறது, ஈயிடம் டோபமின் என்ற இன்னொரு மூளைச் சைகையின் பக்கமாக வந்து உசுப்புகிறது. வழி வேறாக இருக்கட்டும், ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணை விரித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான்.

விட்டிலுக்கு வருகிறேன். ஸ்டோர்ச் சுவரில் இருந்த விட்டில் ஐந்தரை மணிக்குக் குளிரில் விறைத்திருந்தது, வெயில் ஏறின பிறகு தூங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் விடை. எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே. தை மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகின வருடங்கள் உண்டு. பூச்சியின் உடம்பு பெரும்பாலும் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டில்தான் இருக்கும். குளிர் ஓர் அளவுக்குக் கீழே போனால் நரம்பும் தசையும் வேலையை நிறுத்திவிடும். அப்போது தட்டினாலும் எழும்பாது, உருட்டினாலும் எழும்பாது. அது தூக்கமல்ல. இரண்டாவது சோதனையில் தோற்றுப்போகும். ஆனால் வெயில் ஏறின பிறகும், பத்து மணிக்கு, ஸ்டோர் மதில் ஓரத்தில் அதே விட்டில் அதே தோரணையில் இருக்கும். உடம்பு சூடாகிவிட்டது, பறக்கலாம், பறக்காது. அதுதான் தூக்கம். ராத்திரி வேலைக்காரனின் பகல் தூக்கம்.

ஒரு தடவை பெரியதொன்றை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து வாயால் ஊதிச் சூடேற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கால் ஒன்று விரலைப் பற்றியது. முள் மாதிரி இருந்தது. உணர்கொம்புகள் முன்னால் வந்தன. அதற்குப் பிறகு இறக்கைகள் நடுங்கத் தொடங்கின. அடிப்பதில்லை, நடுக்கம், ஜுரத்தில் கிடக்கிறவனின் தாடை மாதிரி. நடுக்கத்தில் கை கூசியது. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நடுங்கி நடுங்கி, சட்டென்று கையிலிருந்து எழும்பி டிரையர்ப் புகைக்குள் போய்விட்டது. பயந்து நடுங்குகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். அது பறக்கும் தசைகளை நடுக்கிச் சூடேற்றுகிற வேலை. பெரிய விட்டில்களுக்கு மார்பு முப்பத்தைந்து பாகைக்கு மேல் போனால்தான் சரியாகப் பறக்க முடியும். குளிர்ந்த காலையில் லொறி ஸ்டார்ட் ஆகிற மாதிரிதான். என் கையைச் சுட்டுவிட்டுப் போனது என்று அன்றைக்கு நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. லேசாகச் சுட்டது நிஜம்.

எறும்பைச் சீக்கிரம் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று பெரிதாக எழுதியிருந்தது. பிந்தி வருகிறவர்களை அதன் கீழ்தான் நிறுத்துவார்கள். 2009இல் டெபி கசில் என்பவரின் குழு நெருப்பெறும்புக் கூட்டத்தை உட்கார்ந்து கவனித்தது. வேலைக்கார எறும்பு ஒரு நாளைக்குச் சுமார் 250 தடவை தூங்குகிறது; ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட. ராணிக்குச் சுமார் 90 தூக்கம், ஒவ்வொன்றும் ஆறு நிமிடம்; ஒன்பது மணி நேரத்துக்கு மேல். கல் தேய்கிறது சரி, ஆனால் எறும்பு அடிக்கடி படுத்துப் படுத்துத்தான் தேய்க்கிறது. பங்களாவில் யார் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஆண் பழ ஈ நடுப்பகலில் நன்றாகத் தூங்கும். பெண் ஈயும் கன்னியாக இருக்கும்வரை பகலில் ஓரளவு தூங்கும். சேர்ந்த பிறகு அதன் பகல் தூக்கம் பெருமளவு போய்விடுகிறது. ஆணின் விந்தோடு வருகிற ஒரு சின்னப் புரதம்தான் அதைத் தட்டி எழுப்பி, தீனி தேடவும் முட்டையிட இடம் பார்க்கவும் அனுப்புகிறது என்று 2010இல் காட்டினார்கள். இதைச் சித்தியிடம் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சி பண்ணுனாங்களா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

குளவிக் கதையைச் சொல்லாமல் மலையகத்தில் பூச்சியைப் பற்றி எழுத முடியாது. பேப்பரைப் பிரித்தால் கிழமைக்கு ஒரு செய்தியாவது இருக்கும்: கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது, இத்தனை பேர் ஆஸ்பத்திரியில். நாங்கள் குளவி என்று சொல்வதில் பாதி மலைத்தேனீ. டர்பன்டைன் மரக்கிளையில் முறம் அகலத்துக்கு ஒற்றை அடையாகத் தொங்கும். கறுப்புத் திரைமாதிரி மேலெல்லாம் தேனீ.

எங்கள் லயத்துக்கு மேலே அப்படி ஒன்று தொங்கியது. மாமா ஒருவர், சொந்த மாமா இல்லை, லயத்துக்கே மாமா, அதை எரித்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். அவருடைய அறிவியல் எளிது: "ராவுல எல்லாம் தூங்கும்டா. தூக்கத்துலயே முடிச்சுரலாம்." வேலை இல்லாத நாள் வேண்டுமே என்று போயா லீவு அன்றைக்கு வைத்தார். போயா என்றால் பௌர்ணமி.

பகலில் பறக்கும் பூச்சி ராத்திரியில் தூங்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் மலைத்தேனீ மற்றத் தேனீக்கள் போலில்லை. நல்ல நிலா வெளிச்சம் இருந்தால் அது ராத்திரியிலும் தீனிக்குப் போகும். 1985இல் பிரெட் டயர் இதை விவரமாக எழுதியிருக்கிறார். மலேசியாவில் உயரமான துவாலாங் மரங்களில் தேன் எடுக்கிறவர்கள் நிலா இல்லாத இரவாகப் பார்த்துத்தான் ஏறுவார்கள். ஏறி, எரியும் பந்தத்தைக் கிளையில் அடித்து நெருப்புப் பொறியை மழையாகக் கொட்டுவார்கள். தேனீக்கள் பொறிகளைத் துரத்திக்கொண்டு கீழே போய் இருட்டில் திரும்ப வழி தெரியாமல் நிற்கும். அதற்குள் அடையை அறுத்துவிடுவார்கள்.

மாமாவுக்கு மலேசியா தெரியாது. பந்தத்தை நீட்டினார். நிலா பட்டப்பகலாகக் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் போலவே அவையும் விழித்திருந்தன. மாமா கோணிச்சாக்கோடு பீலிக்கரைத் தொட்டியில் குதித்ததை லயமே பார்த்தது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி நாலு நாள் பேச முடியவில்லை. ஐந்தாம் நாள் பேசின முதல் பேச்சு: "தூங்கலடா அதுங்க."

தேனீயின் தூக்கத்தை நான் சரியாகப் பார்த்தது போன வருடம். கூடப் படிப்பிக்கிற நண்பர் வீட்டில் சாதாரணத் தேனீப்பெட்டி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் கண்ணாடி. தேனீக்குச் சிவப்பு தெரியாது. அதனால் டோர்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குப் போனோம். ஓரத்தில் வயதான தேனீக்கள், வெளியே போய் வருகிறவை. முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். உணர்கொம்புகள் நெற்றியிலிருந்து நேரே நின்றன. மெல்ல மெல்ல இறங்கின. பஸ்ஸில் தூங்கி விழுகிறவனின் தலை இறங்குமே, அப்படி. பிறகு ஒரு கால் மடிந்தது. உடம்பு அடையோடு அடையாகச் சாய்ந்தது. பக்கத்தில் போன ஒன்று மேலே ஏறி மிதித்துக்கொண்டு போனது. உணர்கொம்பு லேசாகத் துடித்து மறுபடி தொங்கிவிட்டது.

ஜெர்மனியில் வால்ட்டர் கைசர் 1980களில் இதைத்தான் அளந்தார்: உணர்கொம்பு எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவுக்கு எழுப்புவது கஷ்டம். உடம்பின் சூடும் இறங்கும். கூட்டுக்குள் இருக்கிற இளசுகள் வேறு மாதிரி. அவற்றுக்கு இரவு பகல் கிடையாது. புழுக்களுக்குத் தீனி கொடுத்துவிட்டு, வெற்று அறைக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்பக்கம் வெளியே தெரிய, எந்த நேரத்திலும் ஒரு குட்டித்தூக்கம். பிள்ளைக்காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா சுவரில் சாய்ந்து தூங்குவதும் அப்படித்தான்.

2010இல் பரெட் கிளைன் தேனீக்களின் முதுகில் சின்ன இரும்புத் துண்டு ஒட்டி, காந்தத்தை அருகில் கொண்டுபோய்க் கொண்டுபோய் ராத்திரி முழுக்க உலுக்கினார். அதே கூட்டில் வேறு சிலவற்றின் முதுகில் செம்பு. காந்தம் அவற்றை இழுக்காது, அவை தூங்கின. மறுநாள் பூ எந்தத் திசையில் என்று நடனமாடிக் காட்டும்போது, தூங்காதவை திசையைச் சரியாகக் காட்டவில்லை. ஆடத்தான் செய்தன. கோணம் பிசகியது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அப்பாவின் இடதுகை ஞாபகம் வந்தது. சுட்டுவிரல் முதல் கணுவோடு சரி. ரோலரில் போனது. விடிய நாலு மணிக்கு. "கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கிழமை முழுக்கப் பக்கத்துக் காம்பராவில் கல்யாணம், பகலெல்லாம் ஸ்பீக்கர். அது அந்தத் தாளில் இல்லை.

தூக்கம் இல்லாவிட்டால் செத்துவிடுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். விஞ்ஞானம் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் லண்டனில் ஒரு குழு நூற்றுக்கணக்கான பழ ஈக்களைக் கமராவால் கவனித்தது. பெண் ஈக்களில் சில நாளுக்கு ஒரு மணி நேரம் தூங்குவதே அரிது, ஒன்று சராசரியாக நாலே நிமிடம். அவை உடனே சாகவுமில்லை. மறு வருடம் ஹார்வர்டில் இன்னொரு குழு, தூக்கம் கெட்ட ஈக்களின் குடலில் கேடு செய்யும் ஒட்சிசன் சேர்மங்கள் குவிந்து அதனால்தான் சாகின்றன, அவற்றை அகற்றும் மருந்து கொடுத்தால் தூங்காமலே உயிர் வாழ்கின்றன என்று காட்டியது. நான் இரண்டையும் சொல்லிவிட்டு, யார் எந்தப் பக்கம் என்று கேட்பேன். குறைந்த தூக்கக்காரி ஈயின் பக்கம் ஒரு பிள்ளை கை தூக்கினாள். "எங்கம்மாவும் அப்படித்தான் சேர்."

பள்ளி வேலியில் ஒரு காய்ந்த தண்டு இருக்கிறது. வெட்டக்கூடாது என்று தரம் 8 பிள்ளைகள் அதற்கு நாடா கட்டி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் ஐந்தரை ஆனால் நீலப்பட்டைத் தேனீ ஆண்கள் ஒன்றொன்றாக வரும். கத்தரிப்பூவைப் பிடித்து உலுக்கி மகரந்தம் எடுக்கிறதே, அதன் ஆண் வகை. பெண்களுக்கு மண்ணில் வளை உண்டு, ஆண்களுக்கு வீடில்லை. தண்டைத் தாடையால் கவ்விக்கொள்ளும். பிறகு காலை எல்லாம் மடக்கிக்கொள்ளும். கடித்த கடியிலேயே உடம்பு முழுக்கத் தொங்கும். ராத்திரி மழை அடித்தாலும் விழுவதில்லை. காலையில் இறக்கையில் பனித்துளி நிற்கும். செயின்ட் லூயிஸில் பில் ராவ், நெல்லி ராவ் என்ற கணவன் மனைவி இப்படித் தூங்கும் பூச்சிகளை வயல் வயலாகத் தேடிப் போய் 1916இல் எழுதி வைத்தார்கள். ராத்திரியில் இரண்டு பேரும் சேர்ந்தே போயிருக்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது அம்மாவும் அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம். ராத்திரி பன்னிரண்டுக்கு எழும்பி உட்காருவார், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார், படுப்பார். அம்மா நாலே காலுக்கு எழும்பும். இங்கே சங்கு இல்லை. முழு இருட்டிலேயே வளர்த்த பழ ஈயும் இருபத்துநாலு மணி நேரக் கணக்கில்தான் எழும்பும். அந்தக் கணக்கை வைத்திருக்கும் மரபணுவை 1971இல் கொனொப்காவும் பென்சரும் கண்டார்கள், அது எப்படி ஓடுகிறது என்று சொன்ன மூன்று பேருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. அம்மாவுக்கு இதை விளக்கினேன். "நாப்பது வருசம் ஊதுனது உள்ளயே ஊதுது" என்றது.

போன மார்கழியில் ஒரு காலை. குசினிக் கதவுக்கு வெளியே லைட்டு இரவெல்லாம் எரிந்திருந்தது. சுவரில் பெரிய விட்டில் ஒன்று, இறக்கை விரித்து. என் மகன் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தவன் அதைப் பார்த்துவிட்டு ஒரு விரலை நீட்டினான்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னது:

"தொடாதய்யா. இப்பத்தான் படுத்திருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து லைட்டை அணைத்தது.